கிம்ச்சிப் பாக்கெட் ஏன் உப்புகிறது?

சென்னையில் கொரியர்கள் கணிசமாக வாழ்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஹூண்டாய் தொழிற்சாலை வந்த 1990களின் கடைசியிலிருந்து அவர்களுக்கான மளிகைக் கடைகளும் ஒவ்வொன்றாக முளைத்துவிட்டன. அப்படி ஒரு கடையில், கோஸை உப்பும் மிளகாயும் சேர்த்துப் புளிக்கவைக்கும் கொரிய ஊறுகாயான கிம்ச்சியை முதன்முதலாக வாங்கப் போனபோது, குளிர்பெட்டியில் ஒரு பாக்கெட் தலையணை மாதிரி உப்பிக் கிடந்தது. கெட்டுப்போனது என்று நினைத்து அதை ஒதுக்கிவிட்டு, தட்டையாக இருந்த ஒன்றை எடுத்து வந்தேன். சாப்பிட்டுப் பார்த்தால் உப்பும் காரமும் பிசைந்த பச்சைக் கோஸ். பாதியை அப்படியே ஃப்ரிட்ஜுக்குள் தள்ளிவிட்டேன். மூன்று வாரம் கழித்து அந்த மிச்சத்தை எடுத்து வாயில் போட்டால், சோடா குடித்ததுபோல நாக்கில் சுரீரென்று ஒரு கூச்சம், பின்னாலேயே இதமான புளிப்பு, அடியில் மெல்லிய இனிப்பு. பாக்கெட் அதேதான், பண்டம் வேறாகிவிட்டது.

வீட்டில் போட்ட கிம்ச்சி நல்லதா, கடையில் வாங்கியது நல்லதா என்று யார் கேட்டாலும் எனக்கு அந்த மூன்று வாரம்தான் ஞாபகம் வரும். சேர்மானம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். புளிப்பின் எந்தக் கட்டத்தில் அது நம் தட்டுக்கு வருகிறது, அந்தக் கட்டத்தை யார் முடிவு செய்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது.

முதல் வேலை உப்பு. நம் கடைகளில் சைனீஸ் கோஸ் என்று விற்கும் நீளமான முட்டைக்கோஸை நெடுக்காகப் பிளந்து, இதழ் இதழாக விலக்கி, தடித்த வெள்ளைத் தண்டில் கல் உப்பை அள்ளியும் பச்சை நுனியில் பெயருக்கும் தூவ வேண்டும். கோஸில் பெரும்பகுதி, சுமார் 95 சதவீதம், தண்ணீர்தான். வெளியே உப்பு அதிகமானதும் செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் சவ்வைத் தாண்டி வெளியே வந்துவிடும். மாவடு போட்ட வீடுகளில் இந்தக் காட்சி பழகியது. உருண்டு திரண்டிருந்த வடு சில நாளில் தோல் சுருங்கி, தான் விட்ட தண்ணீரிலேயே மிதக்கும் அல்லவா, அதேதான். ஆறேழு மணி நேரம் கழித்துத் தண்டை வளைத்துப் பார்க்கலாம். உடையாமல் மடங்கினால் பதம். மூன்று முறை அலசி வடியவிட்ட பிறகு கோஸில் 2 முதல் 3 சதவீதம் உப்பு தங்கும். அழுகவைக்கும் பாக்டீரியாக்களில் பலவற்றுக்கு அந்த அளவு உப்பே சிரமம். லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் அதைத் தாங்கிக்கொள்ளும்.

உப்பிலும் ஒரு விஷயம் உண்டு. கொரியாவின் தென்மேற்குக் கடலோரம் சினான் பகுதியில் உப்பளங்கள் இருக்கின்றன. தூத்துக்குடியைப் போலவே கடல்நீரை வெயிலில் காயவைத்து எடுக்கும் உப்பு. அதில் ஒட்டியிருக்கும் கால்சியம், கோஸின் செல்களைப் பிடித்துவைத்திருக்கும் பெக்டின் என்ற பசைப்பொருளோடு பிணைந்து அதை இறுக்குகிறது. மொறுமொறுப்பு நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். கசப்பு நீர் வடியட்டும் என்று அந்த உப்பை மூட்டையாகவே வருடக்கணக்கில் வைத்திருக்கும் கொரிய வீடுகள் உண்டு.

மசாலாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கொச்சுகாரு என்ற கொரிய மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சி, வெங்காயத்தாள், முள்ளங்கி, உப்பில் ஊறிய குட்டி இறால் அல்லது நெத்திலிச் சாறு, இவற்றை ஒட்டவைக்க அரிசி மாவுக் கஞ்சி. கொச்சுகாருவில் நிறம் அதிகம், காரம் குறைவு. நம் குண்டூர் மிளகாய்த்தூளை அதே அளவு போட்டால் வாயில் வைக்க முடியாது, காஷ்மீரி மிளகாய்த்தூள் ஓரளவு ஒத்துவரும். மீன் வேண்டாதவர்கள் தயங்கத் தேவையில்லை. கொரியாவின் பௌத்த மடங்களில் மீன் மட்டுமல்ல, பூண்டும் வெங்காயமும்கூட இல்லாமல்தான் கிம்ச்சி போடுகிறார்கள்.

இனிமேல் நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கிம்ச்சியில் யாரும் உறை ஊற்றுவதில்லை. கோஸின் இதழ்களிலும் பூண்டிலும் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்களே வேலையைத் தொடங்குகின்றன. ஜாடிக்குள் அழுத்தி அடைத்துக் காற்றை வெளியேற்றியதும், ஆக்சிஜன் தேவைப்படும் கிருமிகள் ஓய்ந்துபோகும். அப்போது முன்னுக்கு வருவது லியூகோனோஸ்டாக் மெசென்டராய்ட்ஸ். இந்தப் பெயர் புதிதாக இருக்கலாம், ஆனால் ஆள் நமக்குப் பழக்கமானவர். இராத்திரி அரைத்து வைத்த இட்லி மாவு காலையில் பாத்திரத்தை விட்டுப் பொங்கி வழிகிறதே, அதற்கு முக்கியக் காரணம் இதே பாக்டீரியாதான்.

இது சர்க்கரையை உடைக்கும்போது லாக்டிக் அமிலம் மட்டும் வருவதில்லை. கூடவே கொஞ்சம் அசிட்டிக் அமிலம், கொஞ்சம் ஆல்கஹால், நிறைய கார்பன் டை ஆக்சைடு. கோஸில் இருக்கும் ஃப்ரக்டோஸை மானிட்டால் என்ற பொருளாகவும் மாற்றிவிடும். குளிர்ச்சியான அந்த மெல்லிய இனிப்பு மானிட்டாலிலிருந்து வருவது. நாக்கில் சுரீரென்றது சாற்றில் கரைந்திருந்த வாயு. இட்லியில் பஞ்சாக நிற்கும் அதே வாயு கிம்ச்சியில் சோடாவாகவும், பாக்கெட்டுக்குள் அடைபட்டால் தலையணையாகவும் ஆகிறது. நான் ஒதுக்கிவிட்டு வந்த அந்தப் பாக்கெட் பெரும்பாலும் சரியான பதத்தில் இருந்திருக்கும். இப்போது நினைத்தாலும் எடுத்து வந்திருக்கலாமே என்றிருக்கிறது.

சரி, அமிலம் ஏற ஏற என்ன ஆகும்? லியூகோனோஸ்டாக் தான் உண்டாக்கிய அமிலத்தைத் தானே தாங்க முடியாமல் ஒதுங்கிவிடும். அமிலத்துக்கு அசராத லாக்டோபேசில்லஸ் வகைகள், குறிப்பாகப் பிளாண்டாரம் என்ற இனம், அந்த இடத்தைப் பிடிக்கும். இது சர்க்கரையைப் பெரும்பாலும் லாக்டிக் அமிலமாகவே மாற்றும், வாயு வராது. அதனால் சுரீர் அடங்கி, வெறும் புளிப்பு மேலோங்கும். அமிலத்தை அளக்கும் எண் பி.எச்., அது குறையக் குறையப் புளிப்பு கூடும். புதிதாகப் போட்ட கிம்ச்சியின் பி.எச். அளவு 5.5க்கு மேல் இருக்கும். 4.2க்கும் 4.5க்கும் இடையே வரும்போது ருசி உச்சத்தில் இருக்கிறது என்பது பொதுவான கணக்கு. அதற்கும் கீழே போனால் கெட்டுவிட்டதாக அர்த்தமில்லை. பதம் தாண்டிவிட்டது, அவ்வளவுதான்.

எந்தப் பாக்டீரியா எவ்வளவு நாள் ஆட்சி செய்யும் என்பதைத் தீர்மானிப்பது குளிர். குளிரில் லியூகோனோஸ்டாக் வகைகள் மெதுவாக, ஆனால் விடாமல் வேலை செய்யும். சூட்டில் புளிப்புக் கோஷ்டி சீக்கிரமே முந்திக்கொள்ளும். 20 டிகிரியில் இரண்டு மூன்று நாளில் ஆகிற வேலைக்கு 4 டிகிரியில் இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். கொரியர்கள் நவம்பர் கடைசியிலும் டிசம்பர் தொடக்கத்திலும் ஊர்கூடிக் கிம்ச்சி போட்டது இதனால்தான். கிம்ஜாங் என்ற அந்தக் கூட்டு உழைப்பை யுனெஸ்கோ 2013இல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஓங்கி என்ற மண்பானைகளில் அடைத்துக் கழுத்துவரை மண்ணில் புதைத்துவிடுவார்கள். வெளியே பனி கொட்டினாலும் மண்ணுக்குள் குளிர் ஒரே சீராக இருக்கும், மண்பானையின் நுண்துளைகள் வழியே வாயுவும் கசியும். அடுக்குமாடி வீடுகளில் தோண்டுவதற்கு மண் ஏது? 1995இல் டிம்சே என்ற கிம்ச்சி ஃப்ரிட்ஜ் வந்து அந்தக் குறையைத் தீர்த்தது. சாதாரண ஃப்ரிட்ஜில் கதவைத் திறக்கும்போதெல்லாம் சூடு ஏறி இறங்கும். இது சுவர்களையே குளிர்வித்து, பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிரை அசையாமல் பிடித்துவைக்கும். புதைத்த பானையை மின்சாரத்தில் செய்தார்கள் என்றே சொல்லலாம்.

இப்போது கடைக்காரரின் இடத்தில் நின்று பாருங்கள். அவர் விற்கும் பொருள் பாக்கெட்டுக்குள்ளும் வளர்ந்துகொண்டே இருக்கிறது, மூச்சுவிட்டுக்கொண்டே இருக்கிறது. இதை எப்படி அடைப்பது என்பது கொரியாவுக்குப் பழைய தலைவலி. வியட்நாம் போருக்குப் போன கொரிய வீரர்கள் கிம்ச்சி இல்லாமல் தவித்தார்கள். அதை அவர்களுக்கு அனுப்ப உதவுங்கள் என்று தென் கொரிய அதிபர் பார்க் சுங் ஹீ 1967இல் அமெரிக்க அதிபர் ஜான்சனிடம் கேட்டார். அப்படிப் போனது டப்பாக் கிம்ச்சி. டப்பாவில் அடைக்க வேண்டுமென்றால் சூடாக்கிப் பாக்டீரியாவைக் கொல்ல வேண்டும், சூடாக்கினால் கோஸ் துவண்டுவிடும். 2008இல் தென் கொரியாவின் முதல் விண்வெளி வீராங்கனை யீ சோ யோன் விண்வெளி நிலையத்துக்குப் போனபோது உடன் சென்ற கிம்ச்சியிலும், கதிர்வீச்சு செலுத்தி எல்லாப் பாக்டீரியாவையும் கொன்றிருந்தார்கள்.

அந்த இரண்டு இடங்களிலும் வேறு வழியில்லை. கடைக்கு உண்டு. புளிப்பு தொடங்கும் முன்பே அடைத்து, தொழிற்சாலையிலிருந்து கடைவரை குளிர் அறுபடாமல் கொண்டுவருவது ஒன்று. பாக்கெட்டுக்குள் வாயுவை உறிஞ்சும் சிறு பொட்டலம் வைப்பது இன்னொன்று. அதற்குப் பயன்படும் பொருள்களில் நம் வெற்றிலைப் பெட்டியில் இருக்கும் சுண்ணாம்பும் ஒன்று. கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துக் கல்லாகிவிடும். அப்புறம், தேர்ந்தெடுத்த லியூகோனோஸ்டாக் இனத்தை உறைபோலச் சேர்த்து, ஒவ்வொரு பாக்கெட்டும் ஒரே மாதிரி புளிக்கச் செய்யும் தொழிற்சாலைகளும் உண்டு. அறிவியலாக இது எனக்கு மதிப்பான வேலையாகவே படுகிறது. வீட்டில் ஒரு தடவை வந்த ருசி அடுத்த தடவை வராது. கோஸின் இனிப்பு பருவத்துக்குப் பருவம் மாறுவதால், சர்க்கரையை நம்பியிருக்கும் பாக்டீரியாவின் போக்கும் மாறிவிடுகிறது.

எனக்கு ஒப்பாத வகை, குளிர் இல்லாத சாதாரண அலமாரியில் நிற்கும் பாட்டில். அது பெரும்பாலும் சூடாக்கிக் கொல்லப்பட்டது. சில பாட்டில்களில் புளிப்பே வினிகரிலிருந்து வருகிறது, பாக்டீரியா எதையும் செய்யவில்லை. வாங்கும்போது சேர்மானப் பட்டியலில் வினிகர் இருக்கிறதா, எங்கே வைத்து விற்கிறார்கள், தயாரித்த தேதி என்ன, இந்த மூன்றையும் பார்த்தால் போதும். தேதி இங்கே காலாவதிக்காக அல்ல. தயாரித்து ஒரு வாரம் ஆனதா, ஐந்து வாரம் ஆனதா என்று தெரிந்தால், பாக்கெட்டுக்குள் இப்போது எந்தப் பாக்டீரியாவின் ஆட்சி நடக்கிறது என்று ஊகித்துவிடலாம்.

வீட்டில் போடுகிறவர்களுக்கு நம் ஊர் வெயில்தான் பெரிய சோதனை. கொரியச் சமையல் குறிப்பில் இரண்டு நாள் வெளியே வையுங்கள் என்றிருந்தால், அது அவர்கள் ஊர் இரண்டு நாள். 32 டிகிரியில் அப்படி வைத்தால் லியூகோனோஸ்டாக்குக்குக் காலமே கிடைக்காது, நேராகக் கடும் புளிப்பில் போய் நிற்கும். நான் சாயங்காலம் அடைத்து, மறுநாள் காலையில் ஓரத்தில் இரண்டு குமிழி கண்டதும் ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுகிறேன். ஜாடியில் கால் பங்கு காலியாக விட வேண்டும், கண்ணாடி ஜாடியை இறுக்கி மூடவே கூடாது. உடம்புக்கு நல்லது என்று உப்பைக் குறைப்பதும் கூடாது. உப்பு போதாவிட்டால் அமிலம் சேரும் முன்பே வேறு கிருமிகள் புகுந்துவிடும். 100 கிராமில் 2 கிராமுக்குமேல் உப்பு இருக்கிறது என்பது உண்மைதான். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே போடும் உப்பை விட்டுவிட்டு, தட்டில் வைக்கும் அளவைக் குறைத்துக்கொள்ளலாம். மேலே வெள்ளையாக மெல்லிய ஆடை படர்ந்தால் பெரும்பாலும் ஈஸ்ட்தான். பச்சையோ கறுப்போ பஞ்சுபோலப் பூத்திருந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

இவ்வளவு பார்த்தும் ஜாடி பதம் தாண்டிப் புளித்துவிடும் நாள் வரும். கொரியர்கள் அதற்குக் காத்திருந்து கிம்ச்சி ஜிகே என்ற குழம்பு வைக்கிறார்கள். முற்றிய கிம்ச்சியை டோஃபுவோ பன்றி இறைச்சியோ சேர்த்து நெடுநேரம் கொதிக்கவிடுவார்கள். பச்சைக் கோஸாக இருந்தால் கூழாகிவிடும் நேரம் அது. புளித்த கோஸ் கரைவதில்லை. புளிக் கரைசலை முன்னாலேயே ஊற்றிவிட்டால் காய் வேகாது என்று நம் வீட்டில் சொல்வார்களே, காரணம் ஒன்றுதான். அமிலத்தில் பெக்டின் எளிதில் கரையாது. என் ஜாடியின் கடைசி கால் பங்கு எப்போதும் அந்தக் குழம்புக்குத்தான் போகிறது.