தன்னியக்க அவசரத் தடுப்பு

கார் விளம்பரங்களில் ‘ஆட்டோமேட்டிக் எமர்ஜென்சி பிரேக்கிங்’ என்று வரும் தொடர், முன்னால் இருப்பதைக் கேமரா, ராடார் போன்றவற்றால் கண்டு, மோதல் நெருங்கியும் ஓட்டுநர் பிரேக் போடாதபோதோ போதிய அளவு அழுத்தாதபோதோ வண்டி தானே பிரேக் பிடிக்கும் ஏற்பாட்டைக் குறிக்கும். சாலையில் நடந்து செல்வோரை இனங்கண்டு முழு விசையுடன் பிரேக் பிடிக்கும் வசதி, 2010இல் வோல்வோ எஸ்60 காரில் வந்தது.

இத்தொடரைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘ஆட்டோமேட்டிக்’ என்பது தானாகச் செயற்படுவதைச் சுட்டும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. ‘தன்னியக்கம்’ அதற்கு நன்றாகவே பொருந்துகிறது. ‘எமர்ஜென்சி’க்கு மூலமான இலத்தீன் வினை, நீரில் அமிழ்ந்திருந்தது மேலெழுவதைச் சொல்லும்; எதிர்பாராமல் முன்னே தோன்றும் ஆபத்துக்கு அது பொருத்தமான படிமம். வடமொழியில் தக்க தருணத்தைக் குறித்த ‘அவசரம்’ தமிழில் விரைவையும் நெருக்கடியையும் குறிக்க வந்துவிட்டதால், அதை மாற்ற வேண்டிய தேவையில்லை.

சிக்கல் ‘பிரேக்கிங்’கில்தான் இருக்கிறது. ‘தடை’ என்றால் சாலையில் உள்ள வேகத்தடை நினைவுக்கு வருகிறது. ‘நிறுத்தம்’ பேருந்து நிறுத்தத்தை நினைவூட்டுவதோடு, வண்டி நின்றேவிடும் என்ற உறுதியையும் தந்துவிடுகிறது. இந்தக் கருவியோ பல வேளைகளில் வேகத்தைக் குறைக்க மட்டுமே செய்கிறது. காப்பீட்டாளர்கள் நடத்தும் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 2022இல் வெளியிட்ட ஆய்வின்படி, நடந்து செல்வோரை இனங்காணும் இவ்வசதி உள்ள கார்களில் அவர்கள்மீது மோதும் விபத்துகளின் வீதம் 27 விழுக்காடும், காயம் விளைவிக்கும் மோதல்களின் வீதம் 30 விழுக்காடும் குறைந்திருந்தன. இது எத்தனையோ உயிர்களின் கணக்கு. ஆனால் தெருவிளக்கில்லாத இருளிலும், வேக வரம்பு மணிக்கு 50 மைலோ (ஏறத்தாழ 80 கிலோமீட்டர்) அதற்கு மேலோ உள்ள சாலைகளிலும், வண்டி திரும்பும்போதும் அந்த ஆய்வில் வேறுபாடு தென்படவில்லை. ஆகவே, எதிர்ப்பட்டதைத் தடுக்கும் முயற்சியை மட்டும் சொல்லி, முடிவை முன்கூட்டி வாக்களிக்காத ‘தடுப்பு’ என்ற சொல்லையே நான் தேர்கிறேன்: தன்னியக்க அவசரத் தடுப்பு. காவல்துறையின் சாலைத் தடுப்பும் அதே சொல்தான் என்றாலும், முன்னுள்ள அடைமொழிகள் குழப்பத்தை நீக்கிவிடும்.

‘பெடஸ்ட்ரியன்’ என்பதற்குப் ‘பாதசாரி’ வழக்கில் உள்ளது. காலையும் நடையையும் சேர்த்துத் தனித்தமிழாக்க முயன்றால் மாடும் ஆடும் வந்து நிற்கும். ‘நடந்து செல்வோர்’ என்பதே தெளிவு.

அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2024இல் வெளியிட்ட விதி, புதிய கார்களின் இத்தடுப்பு நடந்து செல்வோரைப் பகலில் மட்டுமன்றி இரவிலும் இனங்காண வேண்டும் என்கிறது.