மலைப் பயணத்தை இறக்கத்திலிருந்து திட்டமிடுங்கள்

ஆயுத பூஜைக்கு முந்தைய பத்து நாட்கள் தண்டையார்பேட்டையில் உள்ள என் பட்டறையில் நிற்க இடமிருக்காது. பூஜைக்கு வண்டி பளபளக்க வேண்டும் என்று வாட்டர் வாஷுக்கு வரிசை கட்டி நிற்பார்கள். அவர்களில் பலர் விடுமுறையைச் சேர்த்துக்கொண்டு ஊட்டி, முதுமலை என்று கிளம்புகிறவர்கள். “அண்ணே, வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்புகிறோம், ஏசியை மட்டும் பார்த்துவிடுங்கள்” என்பார்கள். இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். தானாக வந்து “பிரேக்கைப் பாருங்கள்” என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

சென்ற ஐப்பசியில் காசிமேட்டு வாடிக்கையாளர் ஒருவர் ஊட்டியிலிருந்து திரும்பி நேராக என்னிடம் வந்தார். ஏழு பேர் அமரும் டீசல் வண்டி. குன்னூர் தாண்டி இறங்கும்போது கருகல் வாடை வந்திருக்கிறது. முன்னால் போன லாரியுடையது என்று நினைத்திருக்கிறார். பர்லியாருக்குச் சற்று மேலே பெடலை மிதித்தால் அது பஞ்சு போல் தரை வரைக்கும் போயிருக்கிறது. பெடலைத் திரும்பத் திரும்ப மிதித்து, கியரைக் குறைத்து, மலைப்பக்கச் சுவர் ஓரமாக ஒதுக்கி, ஹேண்ட் பிரேக்கால் நிறுத்தியிருக்கிறார். உள்ளே அவருடைய அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் நீலம் பாரித்திருந்தது. அதை அழுத்திப் பிடிக்கும் பேட் கண்ணாடி போல் வழவழத்துக் கிடந்தது. பிரேக் ஆயில் டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. வண்டி வாங்கி ஐந்து ஆண்டுகள், ஒரு முறைகூட அதை மாற்றவில்லை.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ராயபுரம், திருவொற்றியூர், மணலி என்று எங்கள் பக்கம் முழுவதும் சமதரை. எங்களுக்கு மேடு என்றால் மூலக்கடை மேம்பாலம்தான். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து பழகிய கால், பிரேக்கைத்தான் தேடும். இறக்கத்தில் கியரைக் கொண்டு வண்டியைப் பிடிக்க வேண்டும் என்பதை இங்கே யாரும் கற்றுக்கொள்ளத் தேவையே வருவதில்லை.

ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; மேட்டுப்பாளையம் ஏறக்குறைய 325 மீட்டர். ஐம்பது கிலோமீட்டர் சாலையில் 1,900 மீட்டர் இறங்குகிறோம். ஆட்களோடு இரண்டு டன் எடையுள்ள வண்டி அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தி நூறு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. கல்யாண வீட்டு அண்டாவை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சூட்டின் ஒரு பகுதியை இன்ஜின் வாங்கிக்கொள்ள வேண்டும். உயர் கியரிலோ நியூட்ரலிலோ வண்டியை விட்டால் பெரும்பகுதியும் நான்கு சக்கரங்களின் பிரேக்கில்தான் இறங்கும்.

பிரேக் ஆயிலுக்கு ஒரு குணம் உண்டு. காற்றிலிருக்கும் ஈரத்தை அது மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 4 வகைக்கு அதுவே 230, 155. ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகிறது. ஆயிலை அழுத்தினால் அழுத்தம் சக்கரத்துக்குப் போகும். ஆவியை அழுத்தினால் ஆவிதான் சுருங்கும். பெடல் பஞ்சானது இதனால்தான். சிறிது நேரம் ஆறினால் பெடல் பழையபடி நிற்கும். அதனால் பலர் சரியாகிவிட்டது என்று நம்பி மறுபடியும் ஓட்டுகிறார்கள். எனக்குப் பயம் தருவது அந்த நம்பிக்கைதான்.

இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பிரேக் ஆயிலை முழுவதுமாக வடித்து மாற்றுங்கள். மேலே கொஞ்சம் ஊற்றி அளவைச் சரிசெய்வது மாற்றுவதாகாது. கடற்கரையை ஒட்டி வண்டி நிறுத்துகிறவர்களுக்குக் கூடுதலாக ஒன்று: பேட்டை டிஸ்க்கோடு அழுத்தும் கேலிப்பரின் பின்கள் உப்புக் காற்றில் துருப்பிடித்து இறுகிவிடும். ஒரு சக்கரம் மட்டும் பிரேக்கை விடாமல் உரசிக்கொண்டே ஓடும். நகரில் அது மைலேஜ் குறைவாகத் தெரியும், மலையில் நெருப்பாகத் தெரியும். மழையில் சுரங்கப்பாதைத் தண்ணீருக்குள் இறங்கி ஏறிய வண்டியென்றால் பின்சக்கர டிரம்மைத் திறந்து சேற்றைத் துடைக்கச் சொல்லுங்கள். டயரில் பட்டன், அதாவது சாலையைப் பிடிக்கும் மேடுகள், 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் சட்டப்படியே ஓட்டக்கூடாது. மழைக்காலத்தில் மலைக்கு அந்த எல்லை வரை காத்திருப்பதையே நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்த வேலைகளைக் கிளம்புவதற்கு முதல் நாள் செய்யாதீர்கள். பத்து நாள் முன்னதாகச் செய்து, ஊருக்குள் ஓட்டிப் பாருங்கள்.

இனி வழி. வேலூர், கிருஷ்ணகிரி வழியாகப் போகிறவர்களுக்குத் தருமபுரி தாண்டியதும் தொப்பூர் கணவாய் வரும். நான்குவழிச் சாலைதானே என்று ஏமாந்துவிடாதீர்கள். சேலம் நோக்கிப் போகையில் அது நீண்ட இறக்கம். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் வரும் லாரிகள் கட்டுப்பாடு இழந்து எத்தனையோ உயிர்களை வாங்கிய இடம். விடியற்காலையில், தூக்கம் கண்ணை அழுத்தும் நேரத்தில்தான் வெள்ளிக்கிழமை இரவு கிளம்பிய நம்மவர்கள் அங்கே போய்ச் சேருகிறார்கள். இரவெல்லாம் ஓட்டிவிட்டு நேராக மலை ஏறாதீர்கள். மேட்டுப்பாளையத்தில் அறை எடுத்து நான்கு மணி நேரமாவது படுங்கள்.

நீலகிரிக்குள் நுழைய 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் வேண்டும், வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களும் அங்கே கூடாது.

ஊட்டியிலிருந்து முதுமலைக்குப் போகும்போதுதான் பெரிய தவறு நடக்கிறது. கூகுள் மேப் கல்லட்டி வழியைக் காட்டும். முதுமலைப் பக்கத்து மசினகுடி, தெப்பக்காடு எல்லாம் கிட்டத்திலேயே இருப்பது போல் தோன்றும். அது 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட செங்குத்தான பாதை. வெளியூர் வண்டிகள் அதில் இறங்க அனுமதி இல்லை. 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து சென்ற ஒரு கார் அங்கே பள்ளத்தில் விழுந்து, இரண்டு நாள் யாருக்கும் தெரியாமல் கிடந்தது. ஏழு பேரில் ஐந்து பேர் இறந்துபோனார்கள். இறங்கும்போது நடுவட்டம், கூடலூர் வழியாகச் சுற்றிப் போங்கள். தூரம் ஏறக்குறைய இரு மடங்கு, இருந்தாலும் அதுதான் வழி. திரும்பி வரும்போது மசினகுடியிலிருந்து கல்லட்டியில் ஏறலாம்.

தெப்பக்காட்டைச் சுற்றியுள்ள சாலை புலிகள் காப்பகத்தின் நடுவே போகிறது. அங்கே பஞ்சர் ஆனால் இறங்கி நின்று மாற்றும் நிலை வரக்கூடாது. யானை எந்த மூங்கில் புதரிலிருந்து வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே ஸ்டெப்னி உட்பட ஐந்து டயருக்கும் காற்றைக் கூடலூரிலேயே பார்த்துவிடுங்கள். மைசூர் பக்கம் போகிறவர்களுக்கு, பந்திப்பூர் சாலை 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை மூடப்படுகிறது. எட்டரைக்குப் பதறி ஓட்டி மானை அடிப்பதைவிடக் கூடலூரில் தங்கிவிடுவது நல்லது. மழை வலுத்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். 2009 நவம்பரில் நீலகிரியில் ஏற்பட்ட மண்சரிவில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

இறங்கும்போது செய்ய வேண்டியது இவ்வளவுதான். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், இரண்டோ ஒன்றோ. இன்ஜின் உறுமினால் பயப்பட வேண்டாம். அது வண்டியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆட்டோமேட்டிக் வண்டியில் எல் அல்லது மேனுவல் நிலைக்கு மாற்றுங்கள். பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டே வராமல், அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுங்கள். ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுங்கள். கருகல் வாடை வந்தால் அது உங்களுடையதுதான் என்று எடுத்துக்கொண்டு, அகலமான இடத்தில் ஒதுங்கி அரைமணி நேரம் நில்லுங்கள். சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் கோணிவிடும். சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கல்லைக் கிளம்பும்போது எடுத்து ஓரமாகப் போடுங்கள். பின்னால் இருசக்கர வண்டியில் வருகிறவருக்கு அந்தக் கல் எமன். பெடல் உள்ளே போய்விட்டாலும் இன்ஜினை அணைக்கக் கூடாது. அணைத்தால் ஸ்டியரிங்கும் இறுகிவிடும்.

காசிமேட்டுக்காரர் இந்த ஆண்டு புரட்டாசி பிறந்ததுமே வண்டியைக் கொண்டுவந்து விட்டார். ஆயில், பேட், இரண்டு டயர் மாற்றியாயிற்று. நேற்று மாலை அவரை மூலக்கடை மேம்பாலத்துக்கு அழைத்துப்போய், பிரேக்கைத் தொடாமல் இரண்டாம் கியரில் இறங்கச் சொன்னேன். மூன்றாவது முறை இறங்கும்போது காலைப் பிரேக்கிலிருந்து முழுவதுமாக எடுத்துத் தரையில் ஊன்றிக்கொண்டார். நாளைக்கு அவருடைய மனைவியும் ஓட்டிப் பழக வருகிறார்.