சாயில் டெஸ்ட்: சரியான தமிழ் எது?

வீடு கட்டப் போகிறவரிடம் பொறியாளர் முதலில் கேட்பது, "சாயில் டெஸ்ட் எடுத்தாச்சா?" என்றுதான். அந்த நிலம் வீட்டின் பாரத்தைத் தாங்குமா என்று பார்ப்பதுதான் அது. எழுத்தில் இது 'மண் பரிசோதனை' ஆகிவிடுகிறது. அங்கேதான் சிக்கல். தமிழ்நாட்டில் மண் பரிசோதனை என்றால் வேளாண்மைத் துறை ஞாபகம்தான் வரும். வயலில் பல இடத்தில் எடுத்துக் கலந்த அரைக் கிலோ மண்ணைத் துணிப்பையில் கட்டிக் கொடுத்தால், தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து எவ்வளவு என்று அட்டையில் எழுதித் தருவார்கள். வீட்டுக்கு அந்த அட்டையால் ஒரு பயனும் இல்லை. நெல் செழிக்கும் களி, சுவருக்கு வில்லங்கம்.

ஆங்கிலச் சொல்லைக் கொஞ்சம் கிளறுவோம். 'சாயில்' பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். தரையைக் குறிக்கும் 'சோலும்' என்ற லத்தீன் சொல்லின் சாயல் அதில் உண்டு. 'டெஸ்ட்' இன்னும் சுவையானது. லத்தீனில் 'டெஸ்டும்' என்றால் மண்கலம். பொன்னையும் வெள்ளியையும் உருக்கி மாற்றுப் பார்த்த கலத்துக்கு அந்தப் பெயர் நின்று, பிறகு பார்க்கும் வேலைக்கே பெயராகிவிட்டது.

நம் கொத்தனார்களிடம் இதற்கான சொற்கள் ஏராளம். அடித்தளத்துக்காகப் பறிக்கும் பள்ளத்துக்கு 'வானம்' என்று பெயர். வானம் தோண்டுவது என்றால் ஆகாயத்தோடு சம்பந்தமில்லை, கடப்பாரையோடுதான். அடித்தளம் பேச்சில் 'கடக்கால்', எழுத்தில் கடைக்கால். கடை என்பது கடைசி, கீழ். கால் என்பது தாங்குவது. 'அஸ்திவாரம்' தெலுங்கு, கன்னடத்திலும் புழங்குகிறது. இலங்கைத் தமிழர் அதை 'அத்திவாரம்' ஆக்கிக்கொண்டார்கள். "கெட்டி வரலை, இன்னும் ரெண்டடி இறங்கு" என்று மேஸ்திரி சொல்கிறாரே, அதுவும் ஆய்வுதான். சுக்கான் பாறையோ சரளையோ தட்டுப்பட்டால் நிறுத்துவார். ஆனால் அந்தக் கெட்டிக்குக் கீழே என்ன கிடக்கிறது என்பது கடப்பாரைக்குத் தெரியாது.

பழைய நூல்களும் இதைத் தொட்டிருக்கின்றன. 6ஆம் நூற்றாண்டின் வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில் ஒரு முறை சொல்கிறார். ஒரு முழம் குழி தோண்டி, எடுத்த மண்ணையே திரும்பப் போட வேண்டும். மிஞ்சினால் நல்ல மனை, சரியாக நிரம்பினால் நடுத்தரம், போதாவிட்டால் ஆகாது. சகுனம் போலத் தோன்றினாலும் உள்ளே விஷயம் இருக்கிறது. இறுகிய மண்ணைத் தோண்டினால் உதிர்ந்து பெருகும், அதனால் மிஞ்சும். பொலபொலவென்று இருந்த மண்ணோ குழிக்குள் போட்டு மிதித்தால் அமுங்கிவிடும். ஒரே குறை, ஒரு முழத்தோடு நின்றுவிடுகிறது.

இன்றைய வேலை எப்படி நடக்கிறது? மனையில் முக்காலி நட்டு, துளையிட்டுக்கொண்டே இறங்குவார்கள். ஏறக்குறைய ஒன்றரை மீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி, நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கக்கூடிய ஒரு குழாயைத் துளையின் அடியில் வைத்து அடிப்பார்கள். 63.5 கிலோ எடைக் குண்டு, 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழ வேண்டும். முதல் 15 சென்டிமீட்டர் இறங்க விழும் அடிகள் கணக்கில் வராது, அது துளையிட்டபோது கலைந்த மண். அடுத்த 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டும் என்பதுதான் 'என்' (N) மதிப்பு. நான்கைந்து முறை அடித்ததுமே குழாய் இறங்கிவிட்டால் அங்கே மண் இளகிக் கிடக்கிறது. ஐம்பது முறை அடித்தும் இறங்க மறுத்தால் பொறியாளர் முகத்தில் சிரிப்பு வரும். பிளந்த குழாய்க்குள் மண் படிந்திருக்கும் வரிசையைப் பார்த்தாலே மேலே செம்மண், நடுவில் களி, கீழே மணல் என்று தெரிந்துவிடும்.

கரிசல் பூமியில் இன்னொரு சோதனை அவசியம். சலித்து உலர்த்திய மண்ணைப் பத்துப் பத்து கிராமாக எடுத்து, இரண்டு அளவுக்குழாய்களில் போடுவார்கள். ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய். ஒரு நாள் கழித்துப் பார்த்தால் மண்ணெண்ணெயில் கிடப்பது அப்படியே இருக்கும், தண்ணீரில் கிடப்பது பொங்கியிருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், மண்ணெண்ணெயில் கிடப்பதன் கன அளவில் எத்தனை சதவீதம் என்பதுதான் வீக்கக் குறியீடு. மழையில் ஊதி, கோடையில் வெடித்து, சுவரில் ஏணிப்படி போல விரிசல் விடும் வீடுகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தப் பார்க்காத வீக்கம் இருக்கும். கரிசலில் கீழ்முனையில் குடை போல விரிந்த 'அண்டர் ரீம் பைல்' என்ற அடித்தூண் போடச் சொல்வது இதற்காகத்தான்.

அப்படியானால் தமிழில் என்ன எழுதுவது? 'பரிசோதனை' வடமொழியிலிருந்து வந்தது, புழக்கத்தில் ஊறியது. அதன் மேல் எனக்கு வருத்தமில்லை. எனக்கு ஒட்டாதது 'மண்' தான். மண் என்றால் கையில் அள்ளியது. இங்கே பார்ப்பதோ இருக்கும் இடத்திலேயே இருக்கும் நிலம், அடுக்கடுக்காக, நீர்மட்டத்தோடு சேர்த்து. புறநானூற்றில் 'வன்பால்', 'மென்பால்' என்று நிலத்தைத் தன்மை பார்த்துப் பிரித்த சொற்கள் உண்டு. அங்கே பேச்சு வரகையும் கரும்பையும் சுற்றி, அதனால் அவற்றை அப்படியே இங்கே இழுத்து வர முடியாது. 'ஆய்வு' நன்றாகப் பொருந்தும். கீரை ஆய்கிறோமே, அதே ஆய்தல்தான்: பிரித்துப் பார்த்து, ஆகாததை ஒதுக்குவது. ஆகவே என் தேர்வு 'அடிநில ஆய்வு'. நிலம் எவ்வளவு பாரத்தைப் பாதுகாப்பாகத் தாங்கும் என்று அதன் முடிவாக வரும் எஸ்.பி.சி. (SBC) எண்ணுக்குத் 'தாங்குதிறன்' என்ற சொல் ஏற்கெனவே பழகிவிட்டது. 'பாதுகாப்பான தாங்குதிறன்' என்றால் இன்னும் துல்லியம்.

சைட்டில் எல்லோரும் சாயில் டெஸ்ட் என்றேதான் சொல்வார்கள், சொல்லட்டும். ஆனால் ஒப்பந்தத்திலும் கடிதத்திலும் அடிநில ஆய்வு அறிக்கை என்று எழுதி வாங்குங்கள். அறிக்கை வந்ததும் தாங்குதிறன் எண்ணை மட்டும் பார்க்காமல், எந்த ஆழத்தில் அந்த எண், நீர்மட்டம் எங்கே, எந்த மாதத்தில் அளந்தது என்று பாருங்கள். மே மாதத்தில் எட்டடிக்குக் கீழே இருந்த தண்ணீர் ஐப்பசி மழையில் கடைக்கால் வரை ஏறி வரலாம். மணல் பூமியில் அப்படி ஏறினால் தாங்குதிறன் ஏறக்குறையப் பாதியாகிவிடும்.