சிலிண்டரின் அடியில் கனமான வாயு தங்கிவிடுமா?

அளவிடும் கருவிகளைச் சரிசெய்ய உதவும் கலவை வாயு சிலிண்டர் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றிருந்தால், அதைப் பயன்படுத்தும் முன் படுக்கவைத்து உருட்ட வேண்டுமா என்று ஆய்வகத்தில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கனமான வாயு அடியில் இறங்கிவிடும் என்று அங்கே எல்லோரும் நம்புகிறார்களாம்.

இறங்காது. நைட்ரஜனில் 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) கார்பன் டை ஆக்சைடு கலந்த சிலிண்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். உயரம் ஒன்றரை மீட்டர். புவியீர்ப்பு கனமான மூலக்கூறைக் கொஞ்சம் கூடுதலாக இழுக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அறை வெப்பத்தில் மூலக்கூறுகள் ஓடும் வேகத்துக்கு முன் அந்த இழுப்பு ஒன்றுமே இல்லை. கணக்குப் போட்டால் உச்சிக்கும் அடிக்கும் வரும் வித்தியாசம் சுமார் 0.1 பிபிஎம். நைட்ரஜனைவிட ஐந்து மடங்கு கனமான சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளூரைடுக்கே வித்தியாசம் 0.07 சதவீதம்தான். எத்தனை வருடம் நிற்கவைத்தாலும் இதற்கு மேல் போகாது. ஒருமுறை சரியாகக் கலந்த வாயு தானாகப் பிரியாது.

இந்த நம்பிக்கை ஒன்றுமில்லாத இடத்திலிருந்து முளைத்ததும் அல்ல. வாயு நிரப்பும் ஆலையில் சிலிண்டரை உருட்டத்தான் செய்கிறார்கள். அங்கே கலவையின் ஒவ்வொரு வாயுவையும் தனித்தனியாக, ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றுவதால் அவை முதலில் அடுக்கடுக்காக நிற்கும். விரவுதல், அதாவது மூலக்கூறுகள் தானாகப் பரவுவது, தானே கலக்கட்டும் என்று விட்டுவிட முடியாது. அழுத்தம் ஏற ஏற விரவும் வேகம் அதே விகிதத்தில் குறையும். 150 பாரில் (ஒரு பார் என்பது ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்) ஒரு பெரிய சிலிண்டர் தானாகக் கலந்து முடிய வாரக்கணக்காகும். அதனால் உருளைகளின் மேல் கிடத்திச் சுழற்றுகிறார்கள். அங்கே தேவையான வேலை, ஆய்வகத்துக்கு வந்தபின் சடங்காகிவிட்டது.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு: குளிர். நைட்ரஜனில் 1 சதவீதம் பியூட்டேன், மொத்த அழுத்தம் 150 பார் என்றால் பியூட்டேனின் பங்கு 1.5 பார். 20 டிகிரியில் பியூட்டேனின் ஆவி அழுத்தம் (அது வாயுவாகவே நிற்கக்கூடிய உச்ச அழுத்தம்) 2 பாருக்குச் சற்று மேலே, ஆகவே பிரச்சினை இல்லை. 0 டிகிரிக்கு இறங்கினால் அது சுமார் 1 பார்தான். மிச்சமுள்ள பியூட்டேன் திரவமாகி அடியில் தேங்கும். அப்போது வாயுவை எடுத்தால் அளவு குறைவாகக் காட்டும். பிறகு, சிலிண்டர் காலியாகும்போது, அதிகமாகக் காட்டும். சிலிண்டரோடு வரும் சான்றிதழில் ‘குறைந்தபட்ச சேமிப்பு வெப்பநிலை’ என்று ஒரு வரி இருப்பது இதற்காகத்தான். அதற்குக் கீழே போயிருந்தால் சிலிண்டரை ஒரு முழுநாள் அறை வெப்பத்தில் வைத்துவிட்டு, அதன்பின் உருட்டலாம். அவசரத்துக்குத் தீயோ ஹீட்டரோ காட்டக்கூடாது.

ஆக, பயப்பட வேண்டியது புவியீர்ப்புக்கு அல்ல. வாயு மூலக்கூறுகளைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும் சிலிண்டரின் சுவருக்கு.

10 லிட்டர் சிலிண்டர், 150 பார், நைட்ரஜனில் 10 பிபிஎம் ஹைட்ரஜன் சல்பைடு. உள்ளே நைட்ரஜன் 1.7 கிலோ, ஹைட்ரஜன் சல்பைடு மொத்தமே 21 மில்லிகிராம். பத்து கிலோவுக்கு மேல் எடையுள்ள சிலிண்டரைத் தராசில் ஏற்றி 21 மில்லிகிராமைத் துல்லியமாக நிறுப்பது நடக்கிற காரியமில்லை. அதனால் முதலில் 1 சதவீதக் கலவை, அதிலிருந்து எடுத்து நூறு பிபிஎம், அதிலிருந்து பத்து என்று படிப்படியாக நீர்க்கச் செய்கிறார்கள்.

இப்படிப் பாடுபட்டு உள்ளே விட்ட மூலக்கூறுகள் ஏறத்தாழ 3.7 × 10²⁰. சிலிண்டரின் உட்சுவர் சுமார் 0.27 சதுர மீட்டர். ஒரு மூலக்கூறு தடிமனுக்கு வாயு படிந்தால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 10¹⁹ மூலக்கூறுகள் ஒட்டும். அதாவது சுவர் விழுங்குவது 2.7 × 10¹⁸, நாம் விட்டதில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. பரவாயில்லை என்று தோன்றும். அதே சிலிண்டரில் 0.1 பிபிஎம் கேட்டுப் பாருங்கள்! உள்ளே விடுவது 3.7 × 10¹⁸ மட்டுமே. அதில் முக்கால்வாசியைச் சுவரே எடுத்துக்கொள்ளலாம். சுவர் கண்ணாடி போல வழவழப்பாக இருந்தால் வரும் கணக்கு இது. உண்மையான உலோகப் பரப்பு கரடுமுரடானது, பரப்பளவு இன்னும் அதிகம்.

இதைவிட எனக்குப் பிடித்தது கடைசிக் கட்டம். வாயுவைச் செலவழித்து அழுத்தம் 10 பாருக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 10 பிபிஎம் சிலிண்டரில் இப்போது வாயு நிலையில் மிச்சம் 2.5 × 10¹⁹ மூலக்கூறுகள்தான். இதுவரை சுவரில் ஒட்டியிருந்தவை அழுத்தம் குறைவதால் கழன்று வரத் தொடங்கும். அத்தனையும் வந்தால் அளவு 11 சதவீதம் ஏறும். சான்றிதழில் 10 என்றிருக்க, சிலிண்டர் தருவது 11. அதை நம்பிச் சரிசெய்த கருவி, அதன்பின் எல்லா மாதிரியையும் குறைத்தே காட்டும். ‘10 பாருக்குக் கீழே பயன்படுத்த வேண்டாம்’ என்ற மாதிரி எச்சரிக்கையை, மிச்சத்தை வீணாக்கி அடுத்ததை விற்கும் தந்திரம் என்று நினைப்பவர்கள் உண்டு. இந்தக் கணக்கைப் பார்த்தபின் அப்படி நினைக்க முடியாது.

சுவரை அடக்க என்ன வழி? ஹைட்ரஜன் சல்பைடு, சல்ஃபர் டை ஆக்சைடு, நைட்ரிக் ஆக்சைடு போன்றவற்றின் சிறிய அளவுகளுக்கு எஃகை விட்டு அலுமினிய உலோகக்கலவைச் சிலிண்டரை எடுக்கிறார்கள். சூடாக்கி, வெற்றிடமாக்கி ஈரத்தை ஓட்டுகிறார்கள். பிறகு அதே வாயுவை அதிகச் செறிவில் உள்ளே விட்டுச் சுவரின் பசியைத் தீர்த்துவிட்டு, வெளியேற்றி, அதன்பின்தான் கலவையை நிரப்புகிறார்கள். கார்பன் மோனாக்சைடு விஷயத்தில் எஃகுக்கு இன்னொரு கெட்ட குணமும் உண்டு: இரும்போடு சேர்ந்து இரும்பு கார்பனைல் என்ற சேர்மம் உண்டாகும்.

இவ்வளவு பதப்படுத்திய சிலிண்டரில் அழுக்கு ரெகுலேட்டரைப் (அழுத்தத்தைக் குறைத்து வாயுவை வெளிவிடும் கருவியை) பூட்டினால் எல்லாம் வீண். வாயுவைச் சும்மா ஓடவிட்டால் ரெகுலேட்டர் சுத்தமாகிவிடும் என்பது தவறு. அழுத்தமானியின் வளைந்த குழாய் ஒரு முட்டுச்சந்து. ஓட்டம் அதற்குள் நுழையாது. ரெகுலேட்டரின் வெளிவால்வை மூடிவைத்து, சிலிண்டர் வால்வை மெதுவாகத் திறந்து, உடனே மூடுங்கள். பிறகு உள்ளே அடைபட்ட வாயுவை, காற்று திரும்ப நுழையாதபடி சற்று அழுத்தம் மிச்சம் வைத்து, நச்சு வாயு என்றால் புகைபோக்கி அலமாரிக்குள், வெளியேற்றுங்கள். 100 பாரிலிருந்து 1 பாருக்கு இறக்கினால் காற்று நூறில் ஒன்றாகும். மூன்று முறை செய்தால் பத்து லட்சத்தில் ஒன்று. ஈரம் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது, அதுவும் சுவரில் ஒட்டுகிற ஆசாமி. அதனால் ஐந்து முதல் பத்து முறை. நடுவில் சிலிண்டர் வால்வைத் திறந்தே வைத்துவிடாதீர்கள். உள்ளே அழுத்தம் அதிகமாயிற்றே, காற்று எப்படி நுழையும் என்று தோன்றும். ஆக்ஸிஜனுக்கு மொத்த அழுத்தம் பொருட்டல்ல. தன் பங்கு குறைவாக உள்ள பக்கம் அது விரவிப் போகும். ஹைட்ரஜன் சல்பைடு, சல்ஃபர் டை ஆக்சைடு, நைட்ரிக் ஆக்சைடு போன்ற வாயுக்களுக்குப் பித்தளை ரெகுலேட்டர் ஆகாது, துருப்பிடிக்காத எஃகுதான்.

சங்கிலி கட்டுவது, மூடி போடாமல் நகர்த்தக்கூடாது என்பதெல்லாம் தெரிந்ததே. தெரிந்தும் செய்யாமல் விடுவதுதான் வழக்கம்.

நிதி ஒதுக்குபவர்களிடமும் ஒரு வருத்தம் உண்டு. விலையுயர்ந்த பகுப்பாய்வுக் கருவிக்கு ஒப்புதல் உடனே கிடைக்கும். திறப்பு விழாவும் நடக்கும். வருடா வருடம் வாங்க வேண்டிய அளவுத்திருத்த வாயு மட்டும் ‘நுகர்பொருள்’ பட்டியலில் முதலில் வெட்டுப்படும். காலாவதியான சிலிண்டரை வைத்து ஓட்டும் கருவி தரும் நான்கு தசம இலக்கங்களை யாரும் கேள்வி கேட்பதில்லை.

சிலிண்டரைத் திருப்பி அனுப்பும்போது முழுதாகக் காலி செய்யாமல் சில பார் அழுத்தத்தை விட்டு, வால்வை இறுக மூடி அனுப்புங்கள். திறந்த வால்வு வழியாக ஈரக் காற்று புகுந்தால், அந்தச் சுவரை ஆலையில் மறுபடி முதலிலிருந்து பதப்படுத்த வேண்டியிருக்கும்.