முற்றத்துக்குக் கூழாங்கல்: லோடு சொல்வதற்கு முன் போட வேண்டிய கணக்கு

புளியரை தாண்டிக் கேரளத்தில் ஆரியங்காவு, புனலூர்ப் பக்கம் போய்வருகிறவர்கள் அங்கே வீட்டு முற்றத்தில் கல் விரித்திருப்பதைப் பார்த்துவிட்டு, செங்கோட்டையிலும் தென்காசியிலும் நம் வீட்டுக்கும் அப்படிப் போட்டால் என்ன என்று கேட்கிறார்கள். தாராளமாகப் போடலாம். மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும், பிடிக்கவில்லை என்றால் அள்ளி எடுத்துவிடலாம், சிமெண்ட் தளத்தில் இந்த வசதி இல்லை. ஆனால் எல்லோரும் முதலில் கேட்பது எத்தனை லோடு வேண்டும் என்றுதான். அதற்குப் பதில் கல்லின் வடிவத்தில் இருப்பதால் அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

நான் சொல்வது பட்டாணி அளவுக் கூழாங்கல், 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை. எல்லைக்கு அந்தப் பக்கம் மெட்டல் என்றும் இந்தப் பக்கம் ஜல்லி, சிப்ஸ் என்றும் சொல்வது கிரஷரில் உடைத்த கல், மூலையும் முனையுமாக இருக்கும். கூழாங்கல் உருண்டது. ஆற்றில் உருளும் கல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மூலைகள்தான் முதலில் அடிபடும், அதனால் அவை முதலில் தேய்ந்து, உருவம் மழுங்கி, அப்புறம்தான் கல்லின் அளவே குறையத் தொடங்கும். கடையில் மூட்டையில் வரும் பெபிள்ஸ் பல ஆற்றையே பார்த்ததில்லை. உடைத்த கல்லைச் சுழலும் உருளைக்குள் போட்டு உருட்டி மழுக்கியவை. அதில் ஒரு குறையும் இல்லை. லாரிக்காரரிடம் பேசும்போது மட்டும் கிராவல் என்று சொல்லிவிடாதீர்கள், வாசலில் செம்மண் வந்து இறங்கும்.

சிற்றாற்றில் சும்மாதானே கிடக்கிறது, நாலு சாக்கு அள்ளி வந்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள் 1959-லிருந்து இருக்கின்றன, அனுமதியில்லாமல் அள்ளக் கூடாது. அது போக, ஆற்றின் மேல்தளத்தில் கிடக்கும் கல்தான் அடியில் இருக்கும் மணலை வெள்ளம் அரித்துக்கொண்டு போகாமல் காக்கிறது.

வடிவம் என்ன செய்யும் என்று பார்க்க ஆராய்ச்சிக்கூடம் வேண்டாம், வீடு கட்டுகிற இடத்தில் கொட்டிக் கிடக்கும் குவியல்களே போதும். உடைத்த ஜல்லி 40 பாகைக்குப் பக்கமாகச் செங்குத்தாகக் குவிந்து நிற்கும். உருண்ட கல் 30 பாகையிலேயே சரிந்து பரவிவிடும். கல் ஒன்றாகவே இருந்தாலும் உடைத்ததன் முனைகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன, உருண்டை கவ்வுவதில்லை. இதிலிருந்து இரண்டு விஷயங்கள் வருகின்றன. ஒன்று, வெறுங்காலில் நடந்தால் கூழாங்கல் குத்தாது. இன்னொன்று, அதை எத்தனை முறை இடித்தாலும், மேலே ரோலரே ஓட்டினாலும் இறுகாது, கொட்டியவுடனேயே ஏறக்குறைய அதன் கடைசி நெருக்கத்துக்கு வந்துவிடும். அதனால்தான் இந்தக் கல்லை மட்டும் வைத்து உறுதியான தளம் செய்ய முடியாது.

சரி, எவ்வளவு நெருக்கம்? பத்து லிட்டர் வாளி ஒன்றில் கூழாங்கல்லை விளிம்பு வரை தட்டி நிரப்பி, மேலே நீர் வழியும் வரை அளந்து ஊற்றிப் பாருங்கள். நாலு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக உள்ளே போய்விடும். நிரம்பியதாகத் தெரிந்த வாளியில் ஐந்தில் இரண்டு பங்கு காற்றுதான் இருந்தது. கல்லின் அளவை மாற்றினாலும் இந்த எண் பெரிதாக மாறாது: எல்லாம் ஒரே அளவாக இருந்தால் பட்டாணியோ பாறாங்கல்லோ இடைவெளியின் பங்கு கிட்டத்தட்ட ஒன்றுதான். சின்னதும் பெரிதும் கலந்தால்தான் சின்னது இடுக்கில் புகுந்து இடைவெளி குறையும்.

இந்தக் கணக்குக்குப் பழைய கதை இருக்கிறது. ஒரே அளவுக் கோளங்களை எப்படி அடுக்கினாலும் இடத்தில் 74 சதவீதத்துக்கு மேல் நிரப்ப முடியாது என்று 1611-இல் வானியலாளர் கெப்ளர் சொன்னார், நிரூபிக்கவில்லை. 1727-இல் ஸ்டீஃபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயர் பட்டாணியை இரும்புப் பானையில் போட்டு, பாரம் வைத்து, தண்ணீரில் ஊறவிட்டு, இடைவெளியெல்லாம் அடைந்ததும் எடுத்துப் பார்த்தார். ஒவ்வொரு பட்டாணியும் பல முகங்களாகத் தட்டையாகியிருந்தது. கெப்ளரின் கூற்றுக்கு நிரூபணம் தந்தவர் பெயரும் ஹேல்ஸ்தான், தாமஸ் ஹேல்ஸ், ஆண்டு 1998, இவருக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை. அந்த 74 பழக்கடையில் ஆரஞ்சு அடுக்குவது போல ஒழுங்காக அடுக்கினால் வருவது. சும்மா கொட்டினால் கோளங்கள் 60 முதல் 64 சதவீதம்தான் நிரப்பும், நம் வாளியும் அதைத்தான் காட்டியது.

இப்போது எடைக்கு வரலாம். கருங்கல், வெள்ளைக்கல் எல்லாம் ஒரு கன மீட்டர் திண்ணமாக இருந்தால் சுமார் 2,650 கிலோ. அதில் 60 சதவீதம் என்றால் 1,600 கிலோ. கன அடிக்கு மாற்றினால் 45 கிலோ. தமிழ்நாட்டில் ஒரு யூனிட் என்பது 100 கன அடி, ஆக ஒரு யூனிட் கூழாங்கல் ஏறக்குறைய நாலரை டன். ஒருவர் யூனிட்டிலும் இன்னொருவர் டன்னிலும் விலை சொன்னால் ஒப்பிட இந்த ஒரு எண் போதும். மூட்டையில் வாங்கினால் 50 கிலோ மூட்டை ஒரு கன அடிக்குச் சற்று மேலே. காற்றுக்காகத் தனியாக எதையும் கழிக்கவோ கூட்டவோ வேண்டாம், வாங்கும் கன அடியிலும் விரிக்கும் கன அடியிலும் அதே காற்றுதான் இருக்கிறது. மணலில் வரும் தொந்தரவும் இதில் இல்லை: மணல் ஈரமாக இருந்தால் உப்பிக் கால்வாசி வரைகூட அதிகமாகக் காட்டும், பட்டாணிக் கல் ஈரத்துக்கு உப்பாது.

பரப்பை அடியில் அளந்து, கனத்தை அங்குலத்தில் வைத்துக்கொண்டால் கால்குலேட்டர்கூட வேண்டாம். இரண்டு அங்குலம் என்றால் சதுர அடியை ஆறால் வகுக்க வேண்டும், மூன்று அங்குலம் என்றால் நாலால், வருவது கன அடி. உட்காரும் இடம் 10-க்கு 12, அதாவது 120 சதுர அடி, இரண்டு அங்குலத்துக்கு 20 கன அடி. கேட்டிலிருந்து வீட்டுக்குப் பாதை மூன்றடி அகலம், முப்பது அடி நீளம், 90 சதுர அடிக்கு 15 கன அடி. ஓட்டு இறவாரத்துக்குக் கீழே ஒன்றரை அடி அகலத்தில் 40 அடி ஓடும் பட்டை, மூன்று அங்குலம், அதுவும் 15. மொத்தம் 50, சிந்துவதற்கும் மேடுபள்ளத்துக்கும் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் 55 கன அடி, இரண்டரை டன். வட்டமான பாத்தி என்றால் ஆரத்தை ஆரத்தால் பெருக்கி 3.14-ஆல் பெருக்க வேண்டும். கோணல்மாணலாக இருந்தால் சின்னச் சின்னச் செவ்வகங்களாக மனதில் வெட்டிக் கூட்டிக்கொள்ளுங்கள், ஒரு சதுர அடி முன்னே பின்னே போனால் ஒன்றும் ஆகிவிடாது.

கனத்தில்தான் ஏமாறுவார்கள். “நாலு இஞ்சி போட்டுருவோம் அண்ணாச்சி, தாராளமா இருக்கும்” என்று கொத்தனார் சொல்வார். வேண்டாம். கவ்வாத கல் நாலு அங்குலம் இருந்தால் ஒவ்வொரு அடிக்கும் பாதம் புதைந்து, கல் பக்கவாட்டில் ஒதுங்கும், கடற்கரை மணலில் நடக்கிற களைப்புதான் வரும். நடக்கிற இடத்தில் இரண்டு அங்குலம், மிஞ்சினால் இரண்டரை. ஒரு அங்குலத்துக்குக் குறைந்தால் கீழே இருப்பது தெரிய ஆரம்பிக்கும்.

வாங்கிப் போட்ட கல் இரண்டு மழைக்காலத்தில் காணாமல் போகிறது என்று புலம்புகிறவர்களின் கல் எங்கேயும் போவதில்லை, கீழேதான் போகிறது. ஜூனில் ஆரம்பிக்கிற சாரல் செப்டம்பர் வரை மண்ணைக் காயவிடாது, அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். ஊறிக் குழைந்த மண் மேல் மிதிக்கும்போது கல் கீழே அமுங்குகிறது, சேறு அந்த ஐந்தில் இரண்டு பங்குக் காலி இடத்துக்குள் ஏறுகிறது. இதைத் தடுக்க மண்ணுக்கும் கல்லுக்கும் நடுவில் ஜியோடெக்ஸ்டைல் துணி விரிக்க வேண்டும், நெய்யாத ரகம், பார்க்கக் கம்பளி மாதிரி இருக்கும். தண்ணீரை விடும், சேற்றை விடாது. தார்ப்பாயும் பிளாஸ்டிக் ஷீட்டும் போட்டால் தண்ணீரும் இறங்காது, கொசுவுக்குத் தொட்டி கட்டிக் கொடுத்த மாதிரி ஆகும்.

துணிக்கு மேலே, நடக்கும் இடத்தில், மூன்று அங்குலத்துக்கு உடைத்த ஜல்லியும் கிரஷர் டஸ்ட் என்கிற கல்பொடியும் கலந்து தண்ணீர் தெளித்து இடித்துவிடுங்கள். கவ்வும் கல் கீழே, உருளும் கல் மேலே. உட்காரும் இடமும் பாதையும் சேர்ந்து 210 சதுர அடி, நாலால் வகுத்தால் 52 கன அடி, இடித்தால் குறுகும் என்பதால் 65 சொல்லுங்கள். ஆக மண்ணை ஐந்து அங்குலம் வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். அந்தக் குழியின் அடித்தளமே வீட்டிலிருந்து வெளியே பத்தடிக்கு இரண்டு அங்குலம் சரிய வேண்டும், தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் வைத்து மட்டம் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே கல்லை மட்டும் சரித்துப் பரப்பினால் தண்ணீர் ஏமாறாது, அது கீழே இருக்கிற தரையைப் பார்த்துத்தான் ஓடும்.

எவ்வளவு மழை தாங்கும்? இரண்டு அங்குலம் 50 மில்லிமீட்டர், அதில் காலி இடம் 20 மில்லிமீட்டர். அதாவது 20 மில்லிமீட்டர் மழையைக் கூழாங்கல் படலம் மட்டுமே உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும். அதற்கு மேல் கீழே இருக்கும் மண்தான் முடிவு செய்யும்: களிமண் மணிக்கு 1 முதல் 5 மில்லிமீட்டர் தண்ணீரைத்தான் குடிக்கும், மணல் கலந்த மண் 20 முதல் 30 வரை. சாரல் எத்தனை நாள் தூறினாலும் கவலையில்லை. ஐப்பசியில் இடியோடு ஒரு மணி நேரம் கொட்டினால் களிமண் தரையில் நிச்சயம் தேங்கும், அங்கே ஒரு ஓரத்தில் வடிகால் விட்டுத்தான் ஆக வேண்டும்.

இறவாரப் பட்டையை எல்லோரும் கடைசியில் நினைப்பார்கள், என்னைக் கேட்டால் பணம் கம்மியாக இருந்தால் அதை மட்டும் போடுங்கள். ஓட்டு வீட்டுக்குக் கீழே பாருங்கள், ஓட்டுக்கு ஒரு குழியாக வரிசை வரிசையாகத் தோண்டியிருக்கும், சுவரில் ஒரு முழ உயரத்துக்குச் செம்மண் தெறித்துக் காய்ந்திருக்கும், சுண்ணாம்பு அடித்தாலும் அடுத்த சாரலில் திரும்ப வரும். பெரிய மழைத்துளி நொடிக்கு 9 மீட்டர் வேகம் வரை எட்டும். ஓட்டு நுனியில் சேர்ந்து விழும் துளிக்கு அவ்வளவு வேகம் இல்லாவிட்டாலும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழுகிறது. கல்லின் மேல் விழுந்தால் உடைந்து சிதறி இடுக்கில் இறங்கிவிடும், மண்ணைத் தொடும்போது அதற்கு வேகமே இருக்காது.

ஓரம் கட்டாத கூழாங்கல் ஊர் சுற்றும். செங்கலைக் குத்துக்கட்டாக வையுங்கள், அல்லது கடப்பாக்கல் பட்டையைப் புதையுங்கள், கல்லின் மட்டத்துக்கு மேல் அரை அங்குலம் தெரிந்தால் போதும். பைக் நிறுத்துகிறவர்கள் சைடு ஸ்டாண்டுக்கு ஒரு பலகைக்கல் பதித்துவிடுங்கள், இல்லாவிட்டால் விடிகாலையில் வண்டி படுத்திருக்கும். கார் ஏறும் இடத்தில் இந்தக் கல்லே வேண்டாம், 20 மில்லிமீட்டர் உடைத்த ஜல்லி போடுங்கள். கைத்தடி ஊன்றி நடக்கும் ஆச்சி, தாத்தா வீட்டில் இருந்தால் பாதையின் நடுவில் நடைக்கல் பதிக்காமல் கல் கொட்டுவது தப்பு.

செடிப் பாத்தியில் நடப்பது வேறு. வெயிலில் மண் ஈரத்தை இழப்பது நுண்துளைகள் வழியாக நீர் மேலே ஏறி ஆவியாவதால். துளையின் ஆரம் ஒரு மில்லிமீட்டர் என்றால் தண்ணீர் ஒன்றரை சென்டிமீட்டர்தான் ஏறும், நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் என்றால் கணக்குப்படி ஒன்றரை மீட்டர் ஏறலாம். மண்ணில் இருப்பது இரண்டாவது ரகத் துளை, கூழாங்கல்லுக்கு நடுவில் இருப்பது முதல் ரகம், ஆகவே மேலே கல் போட்டதும் அந்த ஏணி அறுந்துபோகிறது. சீனாவின் கான்சூ மாகாணத்தில் மழை குறைந்த வயல்களில் கூழாங்கல் பரப்பி முலாம்பழம் விளைவிப்பது நூற்றாண்டுகளாக நடக்கிறது. ஆனால் வருஷாவருஷம் சாணமும் தழையும் போட்டுக் கொத்த வேண்டிய கத்தரி, வெண்டைப் பாத்திக்கும் தென்னைமூட்டுக்கும் கல் வேண்டாம், அங்கே காய்ந்த ஓலையும் சருகும் போட்டாலே போதும். செம்பருத்தி, அரளி, கற்றாழை மாதிரி கிளறாமல் விடும் செடிகளுக்குப் போடலாம், தண்டைச் சுற்றி நாலு விரல் இடம் விட்டு.

இதே நுண்துளை விவகாரத்தால்தான் செடித்தொட்டியின் அடியில் கல் போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்ற நம்பிக்கை பொய்யாகிறது. நுண்துளை மண்ணில் பிடித்து நிற்கும் நீர் பெரிய இடைவெளிக்குள் தானாக இறங்காது, மண்ணின் அடிப்பகுதி முழுக்க நனைந்து ஊறிய பிறகே கல்லுக்குள் சொட்டும். கல் போட்டதால் அந்த ஊறல் மண்டலம் வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்ததுதான் மிச்சம். ஓட்டையை மறைக்க ஒரு ஓட்டுச்சில்லு போதும்.

பராமரிப்பு என்று பெரிதாக இல்லை. புளி, வேம்பு, முருங்கை அடியில் மட்டும் விரிக்காதீர்கள், அந்தப் பொடி இலையை வாரியலால் பெருக்கி எடுக்கவே முடியாது, இடுக்கில் மக்கி மண்ணாகி அதில் புல் முளைக்கும். துணி கீழிருந்து வருவதைத்தான் தடுக்கும், மேலே விழும் விதையை இல்லை. அளவு கலந்த கல்லை வாங்கினால் நடக்க நடக்கப் பொடி கீழே இறங்கிப் பெரியது மேலே மிதந்து வரும், அதனால் சலித்த கல்லாகக் கேளுங்கள். இறக்கியவுடன் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட்டு விரித்தால் தூசி அடைக்காது. பூனைகள் இதைக் கழிப்பறை என்று நினைத்துக்கொள்ளும், அதற்கு என்னிடம் மருந்து இல்லை. அடுத்த லோடு இதே நிறத்தில் கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள், விரித்தது போக மிஞ்சுவதில் நாலைந்து சாக்கு கட்டி வீட்டுப் பின்னால் போட்டுவையுங்கள்.