மழை படாத இடத்தில் ஏன் ஓட்டை? ஒரு பழைய பிக்கப்பும் திருகோணமலைக் காற்றும்

உப்புவெளியில் எங்கள் ஒழுங்கையில் ஒரு பொடியன், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிற நேரத்தில், தன் மாமாவின் டட்சன் 1200 பிக்கப்பை வீட்டு முற்றத்தில் பிரித்துப் போட்டிருக்கிறான். 1971 இல் ஜப்பானில் வெளிவரத் தொடங்கிய மாதிரி அது. பல காலம் ஐஸ் பெட்டியும் மீனும் ஏற்றி ஓடிய வண்டி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி கதவு திறந்தது. நடுவில் பழைய இரும்புக்கும் மவுசு கூடிவிட்டதால், தூக்கி எறிய யாருக்கும் மனம் வரவில்லை. அப்படித்தான் இதுவும் தப்பியது.

அவன் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. "அங்கிள், மழை வெயில் எல்லாம் படுற கூரையில கறள் குறைவு. மழையே படாத ரப்பர் விரிப்புக்குக் கீழ, கதவுக்கு உள்ளுக்கதான் ஓட்டை. அது எப்பிடி?"

தண்ணீரும் ஒட்சிசனும் இருந்தால் இரும்பு துருப்பிடிக்கும் என்று பரிசோதனைக் குழாயில் ஆணி போட்டுப் படித்தோம். அது பிழையில்லை. ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வண்டியைப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். ஒட்சிசன் நிறையக் கிடைக்கும் கூரையல்லவா முதலில் போயிருக்க வேண்டும்?

கறள், அதாவது துரு, பிடிப்பது அடிப்படையில் ஒரு மின்வேலை. தகட்டின் ஓரிடத்தில் இரும்பு அணு இரண்டு இலத்திரன்களை விட்டுவிட்டு, மின்னேற்றம் கொண்ட அயனாகத் தண்ணீரில் கரைகிறது. அதுதான் அனோட்டு. விட்ட இலத்திரன்கள் தகட்டுக்குள்ளாகவே ஓடி, வேறோர் இடத்தில் ஒட்சிசனோடும் தண்ணீரோடும் சேர்ந்து ஐதரொட்சைட்டு அயன்களை உண்டாக்குகின்றன. அது கதோட்டு. இரும்பு அயனும் ஐதரொட்சைட்டும் தண்ணீரில் நகர்ந்து ஒன்றையொன்று சந்திக்கும் இடத்தில்தான் செம்மஞ்சள் தூள் படிகிறது. ஆக, இரும்பு கரைவது ஓரிடம், ஒட்சிசன் செலவாவது இன்னோரிடம், கறள் தெரிவது மூன்றாவது இடம்.

1920களில் கேம்பிரிட்ஜில் வேலை செய்த யூ. ஆர். எவன்ஸ் என்ற வேதியியலாளர் இதை ஒரேயொரு உப்புத் தண்ணீர்த் துளியை வைத்துக் காட்டினார். துப்புரவான இரும்புத் தகட்டில் துளியை விட்டால், அதன் விளிம்புக்குக் காற்றிலிருந்து ஒட்சிசன் எளிதாக வந்து சேரும்; நடுப்பகுதிக்கு அவ்வளவு வராது. ஒட்சிசன் குறைந்த நடுப்பகுதி அனோட்டாகிக் கரைகிறது. விளிம்பு கதோட்டாகித் தப்பிக்கிறது. இரண்டுக்கும் இடையில் வளையமாகக் கறள். காற்று நன்றாகப் படும் இடம் தப்ப, படாத இடம் அரிபடுகிறது. பொடியனின் கேள்விக்குப் பாதி விடை இந்தத் துளிக்குள் இருக்கிறது. ரப்பர் விரிப்பின் அடி, இரண்டு தகடு ஒன்றின்மேல் ஒன்றாகப் பற்றவைத்த மடிப்பு, கதவின் அடியில் சேறு அடைத்த மூலை எல்லாமே ஈரம் தங்குகிற, ஆனால் காற்று புகாத இடங்கள். போதாததற்கு, கூரையை ஒவ்வொரு மழையும் கழுவிவிடுகிறது. மடிப்பை யார் கழுவுவது?

மற்றப் பாதி விடை உப்பு. வண்டி திருத்துபவர்கள் பெரும்பாலும் தண்ணீரைத்தான் திட்டுவார்கள். என் கணக்கில் முதல் குற்றவாளி உப்பு. தண்ணீர் கூட்டாளி மட்டும்தான். கடற்காற்றோடு வரும் உப்பில் சோடியம் குளோரைட்டு மட்டுமில்லை, மகனீசியம் குளோரைட்டும் இருக்கிறது. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைட்டு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். மகனீசியம் குளோரைட்டுக்கு ஏறத்தாழ 33 சதவீதமே போதும். திருகோணமலைக் கரையில் காற்று அதைவிடக் காய்வது அபூர்வம். அதனால் மழை பெய்யாத மாதங்களிலும், தொட்டால் காய்ந்திருப்பது போலத் தெரியும் தகட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்பு நீர்ப்படலம் ஒன்று இருந்துகொண்டே இருக்கும். அந்தப் படலம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அனோட்டும் கதோட்டும் சற்றுத் தள்ளியிருந்தாலும் வேலை நடக்கும்.

இதைவிட மோசமான ஒன்று கறளுக்கு அடியில் நடக்கிறது. அரிபட்ட குழிக்குள் இரும்பு அயன்கள் குவியும்போது, மின்னேற்றத்தைச் சமன்செய்யக் குளோரைட்டு அயன்கள் வெளியிலிருந்து உள்ளே இழுக்கப்படுகின்றன. உள்ளே சேர்ந்த இரும்புக் குளோரைட்டு தண்ணீரோடு தாக்கமடைந்து அமிலத்தைத் தருகிறது. அமிலம் மேலும் இரும்பைக் கரைக்கிறது. குளோரைட்டோ இதில் செலவாவதே இல்லை. அங்கேயே இருந்து திரும்பத் திரும்ப அதே வேலையைச் செய்கிறது. மேலே கறள் மூடியிருப்பதால் கழுவும் தண்ணீரும் உள்ளே போகாது. மேல்கறளைக் கம்பித் தூரிகையால் உரசி, மண்கடதாசி போட்டு மினுக்கி, அதன்மேல் பெயின்ற் அடித்த வண்டி அடுத்த வாடைக்குள், அதாவது வடகீழ்ப் பருவமழைக்குள், கொப்புளம் போடுவதற்குக் காரணம் இதுதான். பெயின்ற்காரரை ஏசிப் பிரயோசனமில்லை. குழிக்குள் உப்பு அப்படியே இருந்திருக்கிறது.

எவ்வளவு வேகமாகப் போகும்? உலோக அரிப்புக்கான ஐஎஸ்ஓ 9223 தரநிர்ணயத்தில் கடுமையான கடலோரச் சூழலுக்கு சி5 என்று ஒரு வகுப்பு உண்டு. பாதுகாப்பில்லாத சாதாரண உருக்கு அங்கே முதல் வருடத்தில் 80 முதல் 200 மைக்ரோமீற்றர் வரை இழக்கும். மைக்ரோமீற்றர் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வண்டித் தகடு ஒரு மில்லிமீற்றரும் வராது. 0.8 மில்லிமீற்றர்த் தகட்டை வருடத்துக்கு 100 மைக்ரோமீற்றர் வீதம் தின்றால் எட்டு வருடம். இரண்டு பக்கமும் தின்றால் நாலு. திறந்த தகட்டில் இந்த வேகம் காலப்போக்கில் குறைவது வழக்கம். மூடிய மடிப்பில் அப்படி நம்ப முடியாது. திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய சீனன்குடாவில் இரண்டாம் உலகப்போருக்கு முன் பிரித்தானியர் கட்டத் தொடங்கிய எண்ணெய்த் தாங்கிகளில் 99 இன்னும் நிற்கின்றன, அதே கடற்காற்றில். அவற்றின் தகடு வண்டித் தகட்டைவிடப் பலமடங்கு தடிப்பு. கறள் தின்னத் தின்ன மிச்சம் இருக்கிறது. பிக்கப்புக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இன்னொன்று, கறளின் கனவளவு அது தின்ற இரும்பைவிடப் பலமடங்கு பெரிது. பற்றவைத்த மடிப்புக்குள் அது ஊதும்போது தகடுகளையே பிரித்துத் தள்ளும். இந்த வண்டியின் பின்பெட்டி ஓரங்கள் பொரித்த அப்பளம் மாதிரி உப்பியிருந்தன.

சரி, இதை எப்படி எடுப்பது? பிணைச்சல், பின்கதவின் கொக்கி, தாங்கிகள் போன்ற சின்னச் சாமான்களுக்கு அவன் மின்பகுப்பைப் பிடித்துக்கொண்டான். நல்ல தெரிவு. ஒரு பிளாஸ்ரிக் பீப்பாயில் தண்ணீர். பத்து லீற்றருக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி சலவைச் சோடா, அதாவது சோடியம் காபனேற்று. பழைய 12 வோல்ற் பற்றரி சார்ஜரின் கறுப்புக் கவ்வி கறள் பிடித்த சாமானுக்கு, சிவப்புக் கவ்வி உதவாத இரும்புத் துண்டு ஒன்றுக்கு. இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. புது சார்ஜர்கள் பல, எதிரில் பற்றரி இருப்பதை உணராவிட்டால் வேலை தொடங்காது. பழைய பாரமான சார்ஜர் என்றால் கேள்வி கேட்காமல் ஓடும்.

இங்கே நடப்பது கறள் பிடித்ததற்கு நேர் எதிரான வேலை. வெளியிலிருந்து இலத்திரன்களைத் திணித்துச் சாமானைக் கதோட்டாக்கி விடுகிறோம். அதனால் இரும்பு கரைய முடியாது. கறளின் ஒரு பகுதி தாழ்த்தப்பட்டு மக்னற்றைற்று என்ற கறுப்பு ஒட்சைட்டாகிறது. சாமானின் மேற்பரப்பில் கிளம்பும் ஐதரசன் குமிழிகள் அந்தப் படையை நெகிழ்த்திக் கழற்றுகின்றன. எனக்கு இதில் பிடித்தது வேறொன்று. குளோரைட்டு எதிர்மின்னேற்றம் கொண்ட அயன், சாமானும் எதிர்மின்வாய். ஆகவே குழிக்குள் ஒளிந்திருந்த குளோரைட்டு விரட்டப்பட்டு, நேர்மின்வாயை நோக்கி வெளியே வருகிறது. கம்பித் தூரிகை எத்தனை மணி நேரம் போட்டாலும் செய்யாத வேலை அது. கடலடியிலிருந்து எடுத்த பீரங்கிகளையும் நங்கூரங்களையும் அருங்காட்சியகக்காரர் மாதக்கணக்கில், சிலவேளை வருடக்கணக்கில், இதே முறையில் ஊறவைப்பது இதற்காகத்தான்.

எச்சரிக்கைகளைச் சொல்லாமல் விட முடியாது. சலவைச் சோடாவுக்குப் பதிலாகக் கறியுப்பைப் போட்டால் குளோரீன் வாயு வரும். நேர்மின்வாய்க்குத் துருப்பிடிக்காத உருக்குக் கரண்டியைப் போடலாம் என்று சிலர் சொல்வார்கள். அதிலிருந்து புற்றுநோயை உண்டாக்கும் ஆறுவலுக் குரோமியம் தண்ணீரில் கலக்கும். ஐதரசன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றும். எனவே அறைக்குள் செய்யக் கூடாது, திறந்த முற்றத்தில்தான். கவ்வியைக் கழற்றும் முன் சார்ஜரின் ஆளியை (சுவிட்சை) நிறுத்த வேண்டும், ஒரு பொறி போதும். சுருள்வில், கடினமாக்கிய போல்ற் ஆகியவற்றை இதற்குள் போடாமல் விடுவது நல்லது. ஐதரசன் உலோகத்துக்குள் புகுந்து அவற்றை நொறுங்கச் செய்யக்கூடும். கவ்விகளை மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்றும் அவன் கேட்டான். சாமான் கரைந்துபோகும், உதவாத துண்டு பளபளக்கும்.

முழு உடலையும் பீப்பாயில் போட முடியாது. அங்கே உரசிவிட்டு, உப்பில்லாத தண்ணீரால் பலமுறை கழுவுவதுதான் வழி. கரையோரக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உவர். அதால் கழுவினால் எடுத்த உப்பைத் திருப்பிக் கொடுத்த கதைதான். குழாய்த் தண்ணீரோ மழைத் தண்ணீரோ வேண்டும். உப்புப் போய்விட்டதா என்று பார்க்க, வேதியியல் படித்த பொடியனுக்கு வழி தெரியும். காய்ச்சி வடித்த நீரில் நனைத்த பஞ்சால் தகட்டைத் துடைத்து, அந்த நீரில் ஒரு துளி நைத்திரிக்கமிலமும் வெள்ளி நைத்திரேற்றும் விட வேண்டும். வெள்ளையாகக் கலங்கினால் குளோரைட்டு இன்னும் இருக்கிறது.

குழிகளில் மிச்சம் நிற்கும் மெல்லிய கறளை வேறு பொருளாக மாற்றிவிடும் திரவங்கள் கடையில் உண்டு. சிலவற்றில் பொசுபோரிக்கமிலம், சிலவற்றில் தனின் என்ற துவர்ப்புப் பொருள். தனின் கறளோடு சேர்ந்து கரையாத கருநீலப் படையாகிறது. நம் பெரியவர்கள் தனின் உள்ள கடுக்காயையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் சேர்த்து மை காய்ச்சியதும் இதே தாக்கம்தான். ஆனால் கீழே உப்பு இருந்தால் இந்தப் படையும் அதிகநாள் நிற்காது. ஓட்டை விழுந்த இடத்தை எந்தத் திரவமும் நிரப்பாது. போன இரும்பு போனதுதான், வெட்டிப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். பட்டி என்ற நிரப்புப் பசையைப் பூசி மறைப்பது விற்பதற்குச் சரி, ஓட்டுவதற்கு இல்லை. சாதாரணப் பட்டி ஈரத்தை உறிஞ்சித் தகட்டோடு ஒட்டி வைத்திருக்கும்.

சுத்தமான இரும்பு இந்தக் காற்றில் சில மணி நேரத்திலேயே மறுபடி சிவக்கும். அன்றைக்கே முதற்பூச்சு அடித்தாக வேண்டும். நாகம் (துத்தநாகம்) நிறைந்த பூச்சென்றால் இரும்புக்கு முன் நாகம் கரைந்து அதைக் காப்பாற்றும்; இரும்புப் படகுகளின் அடியில் நாகக் கட்டை பூட்டுவது இதே கணக்கில். தகட்டின் வெப்பநிலை பனிபடுநிலையைவிட, அதாவது காற்றின் ஈரம் பனியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைவிட, குறைந்தது 3 பாகை செல்சியஸ் கூடவிருக்க வேண்டும் என்பது பூச்சுத் தொழிலின் விதி. பின்னேரம் அடித்தால் பூச்சுக்கு அடியில் பனி மாட்டிக்கொள்ளும். தென்மேற்கிலிருந்து வரும் காய்ந்த கச்சான் காற்றுக் காலத்தில், காலை ஏறிய பிறகு அடிப்பதே உத்தமம். ஐப்பசி தொட்டால் விட்டுவிட வேண்டியதுதான்.

கதவுக்கும் சட்டகத்துக்கும் உள்ளே பூச்சுத் தூரிகை போகாது. அங்கே பழைய என்ஜின் ஒயிலை விசிறச் சொல்லி மாமா நிற்கிறார். கொஞ்சக் காலம் அது வேலையும் செய்யும். ஆனால் ரப்பர்ப் பாகங்களைக் கெடுக்கும். மணல் நிலத்தில் சொட்டினால் கிணற்றுக்கும் போகும். மெழுகு கலந்த விசிறல் விலை கூடினாலும் அதுவே மேல். அதை அடிக்கும்போது கதவின் அடியில் இருக்கிற வடிதுளைகள் அடைபடாமல் பார்க்க வேண்டும். வாடை முடிந்ததும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவி, அந்தத் துளைகளை ஈர்க்கால் குத்தி விட்டால் போதும்.