70 எச்ஆர்சி கத்தியால் டப்பா மூடியைத் திறக்காதீர்கள்

இந்த வாரமும் ஒன்று வந்துவிட்டது. மேக்சமெட் எஃகில் செய்த மடக்குக் கத்தி. வாயின் நடுவில் பிறை வடிவத்தில் பெரிய பொக்கை. பெயின்ட் டப்பாவின் மூடியை அதை வைத்து நெம்பியிருக்கிறார். அதைச் சொல்ல அவருக்குத் தயக்கமே இல்லை, குற்றம் கத்தியின் மேல்தான் என்று உறுதியாக இருந்தார். "இருக்கிற எஃகிலேயே கடினமானது என்றுதானே வாங்கினேன், அது எப்படி உடையும்?"

கடினமாக இருந்ததால்தான் உடைந்தது. சாணை பிடிப்பதும், எஃகைக் காய்ச்சிக் குளிரவைத்துக் கடினமாக்கிப் பதம் வைப்பதும் என் தொழில். இதே கேள்விக்கு இதே பதிலைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. ஒரு தடவை முழுசாக எழுதிவிடுகிறேன்.

விளம்பரத்தில் எச்ஆர்சி 62, 65, 68 என்று ஒரு எண் போடுகிறார்கள். அது எஃகின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் சி அளவு. 120 டிகிரிக் கூம்பாகச் செதுக்கிய வைரமுனையை 150 கிலோ சுமையில் எஃகின் மேல் அழுத்தி, பள்ளம் எவ்வளவு ஆழமாக விழுந்தது என்று பார்க்கிறார்கள். அவ்வளவுதான் சோதனை. அழுத்தினால் எவ்வளவு குழியும் என்பது தெரியும். கத்தி வாய் எளிதில் மடங்காது என்பதை அதிலிருந்து ஊகிக்கலாம். அடித்தால் உடையுமா, துரு ஏறுமா, எத்தனை நாள் கூர் நிற்கும் என்ற மூன்றுக்கும் அந்த எண்ணில் பதில் கிடையாது. ஒரே எஃகை எடுத்துக்கொண்டால், பெரும்பாலும் எண் ஏற ஏற உடையாமல் தாங்கும் குணம் இறங்கிக்கொண்டேதான் போகும். கண்ணாடியும் கடினம்தான், கீழே விழுந்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னும் தெளிவாகச் சொல்கிறேன். ஏஇபி-எல் என்று ஒரு எஃகு, சவர பிளேடு செய்வதற்காக வந்தது. கார்பன் 0.67 சதவீதம், குரோமியம் 13 சதவீதம். எஸ்90வி என்று இன்னொன்று. கார்பன் 2.3, குரோமியம் 14, வனேடியம் 9. இரண்டையும் 61 எச்ஆர்சிக்குப் பதம் வைக்கலாம். சோதனை இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்றே. கையில் எடுத்து வேலை செய்தால் எந்தச் சம்பந்தமும் இல்லை. நாள் முழுக்க அட்டைப்பெட்டி வெட்டினால் எஸ்90வி வெகுதூரம் முன்னால் நிற்கும். எலும்பில் பட்டாலோ, வெட்டும்போது கை திரும்பினாலோ ஏஇபி-எல் தாங்கிக்கொள்ளும், எஸ்90வியின் வாய் பொரிந்துவிடும். உடையாமல் தாங்குவதில் இரண்டுக்கும் பல மடங்கு வித்தியாசம். எண் ஒன்றுதானே என்று என்னிடம் வாதாடாதீர்கள்.

வித்தியாசம் கார்பைடில் இருக்கிறது. எஃகுக்குள் சிதறிக் கிடக்கும் மிகக் கடினமான துகள்கள் அவை. கடினத்தை அளக்கும் இன்னொரு அளவான விக்கர்ஸில் சாதாரணக் கார்பன் எஃகில் உள்ள இரும்புக் கார்பைடு ஏறக்குறைய 1000, குரோமியக் கார்பைடு 1500 பக்கம், வனேடியக் கார்பைடு 2800 பக்கம். இவை நிறைய இருந்தால் தேய்மானம் குறையும், கூர் நிற்கும். ஆனால் விரிசல் தொடங்குவதும் அவற்றிலிருந்துதான். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும், இதில் இலவசம் எதுவும் இல்லை.

"இது பவுடர் எஃகு சார், உடையாது" என்பார்கள் உடனே. உருக்கிய எஃகை வாயுவைப் பீய்ச்சி நுண்துளிகளாக்கி, அந்தப் பொடியை வெப்பத்திலும் அழுத்தத்திலும் மறுபடி கட்டியாக்குவதுதான் பவுடர் முறை. அமெரிக்காவின் க்ரூசிபிள் நிறுவனம் 1970 வாக்கில் இதை வணிக அளவில் கொண்டுவந்தது. வழக்கம்போல் வார்த்தால் எஃகு மெதுவாக ஆறும்போது கார்பைடுகள் பெரிய பெரிய கட்டிகளாக வளர்ந்துவிடும். துளி நொடியில் உறைவதால் அவை சின்னதாகவே நின்றுவிடும். 2.45 சதவீதம் கார்பனும் 9.75 சதவீதம் வனேடியமும் உள்ள 10வி போன்ற எஃகெல்லாம் இதனால்தான் சாத்தியமானது. இந்த முறையில் எஃகின் தாங்கும் குணம் கூடும், உண்மை. எதைவிடக் கூடும்? அதே கலவையை வார்த்துச் செய்திருந்தால் எப்படி இருக்குமோ, அதைவிட. கார்பைடு குறைவான எளிய எஃகைவிட அல்ல. இந்த ஒரு வரியை விற்பவர்கள் சொல்வதே இல்லை.

இந்தப் பெரிய பெயர்களில் பாதி, கத்திக்காகப் பிறந்தவையே இல்லை. டி2 உலோகத்தகடு வெட்டும் அச்சுகளுக்கு. எம்4 அதிவேக எஃகு, கடைசல் இயந்திரத்தில் உலோகத்தைச் சீவும் கருவிகளுக்கு. மேக்சமெட்டும் ரெக்ஸ் 121ம் அந்த வழியில் இன்னும் தீவிரமானவை. மேக்சமெட்டில் டங்ஸ்டன் 13 சதவீதம், கோபால்ட் 10 சதவீதம். அசையாத பிடிப்பில் ஒரே திசையில் வேலை செய்யும் கருவிக்கு அது அருமை. உங்கள் மணிக்கட்டு அப்படி வேலை செய்வதில்லை. கத்தியை மனதில் வைத்தே செய்தவையும் இருக்கின்றன: 2001இல் வந்த எஸ்30வி, 2021இல் உலோகவியலாளர் லாரின் தாமஸ் வடிவமைத்த மேக்னாகட்.

மேக்னாகட் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் துரு பற்றிய தவறான எண்ணத்துக்கு அதிலேயே பதில் இருக்கிறது. அதில் குரோமியம் 10.7 சதவீதம்தான். எஸ்30வியில் 14. ஆனாலும் துருவை நன்றாகத் தாங்குவது மேக்னாகட்தான். இன்னொரு பக்கம் ஜப்பானின் இசட்டிபி-189ஐப் பாருங்கள். குரோமியம் 20 சதவீதம், ஈரமாக விட்டால் புள்ளி புள்ளியாகத் துரு. காரணம், அதில் கார்பன் 3 சதவீதம். குரோமியத்தில் பெரும்பகுதியைக் கார்பன் இழுத்துத் தன்னோடு கட்டிக்கொள்கிறது. எஃகில் கரைந்து தனியாக நிற்கும் குரோமியம்தான் துருவைத் தடுக்கும். மேக்னாகட்டின் கலவையில் குரோமியக் கார்பைடே உருவாகாதபடி பார்த்துக்கொண்டார்கள். ஆகவே பட்டியலில் குரோமியச் சதவீதத்தை மட்டும் பார்த்துவிட்டு "இது எவர்சில்வர் மாதிரி" என்று முடிவு கட்டாதீர்கள். எம்4, 10வி, மேக்சமெட் எல்லாமே துருப்பிடிப்பவை. டி2வும்தான், 12 சதவீதம் குரோமியம் இருந்தும். துடையுங்கள், உலர்த்துங்கள், லேசாக எண்ணெய் தடவுங்கள். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் எந்த நல்ல கத்தியையும் போடாதீர்கள், துருப்பிடிக்காத கத்தி உட்பட. கடல் பக்கம் வேலை என்றால் கார்பனுக்குப் பதில் நைட்ரஜனை நம்பும் எல்சி200என், வேனாக்ஸ் மாதிரி எஃகு இருக்கிறது, அதை வாங்குங்கள்.

அலை அலையாக வரி ஓடும் டமாஸ்கஸ் கத்தியையும் கேட்கிறார்கள். இன்றைக்கு விற்பவை பெரும்பாலும் இரண்டு விதமான எஃகை அடுக்கி, அடித்துச் சேர்த்து, அமிலத்தில் தோய்த்து எடுத்தவை. வரி அழகுக்கு. வெட்டுவது வாயில் இருக்கும் எஃகு. சிலவற்றில் வரியே லேசரில் பொறித்ததுதான், தேய்த்தால் போய்விடும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூசையில் உருக்கி எடுத்த பழைய உருக்கு வேறு சங்கதி. அதில் கார்பைடே வரிசை கட்டி நின்று கோலம் போட்டது. அதையும் இதையும் குழப்ப வேண்டாம். "சர்ஜிகல் ஸ்டீல்" என்று மட்டும் போட்டிருந்தால் எனக்கு ஒன்றுமே விளங்காது. அந்தப் பெயரில் பதமே ஏறாத எஃகையும் விற்கலாம்.

கத்தியின் மேல் பொறித்த பெயர் உண்மைதானா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு: கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. கையடக்க எக்ஸ்ரே கருவி வனேடியம், குரோமியம் எல்லாம் காட்டும், கார்பனைக் காட்டாது. பெயர் உண்மையாகவே இருந்தாலும் பதம் சரியாக வைத்தார்களா என்பது தனிக் கேள்வி. எளிய கார்பன் எஃகு 800 டிகிரியைச் சற்றுத் தாண்டினால் போதும். எம்4 வகைக்கு 1150 டிகிரி பக்கம் போக வேண்டும், அதன்பின் 550 டிகிரி பக்கத்தில் இரண்டு மூன்று முறை மறுபடி சூடாக்கிப் பதம் இறக்க வேண்டும். கரி உலையில் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினால் வேலை முடிந்தது என்று நினைத்து, இந்த மாதிரித் துண்டுகளை இணையத்தில் வாங்கிக்கொண்டு வராதீர்கள். காசும் போகும், எஃகும் போகும்.

அப்புறம் சாணை. அவசரத்துக்கு யாரிடமோ கொடுத்து, பெல்ட் மிஷினில் பொறி பறக்க உரசி, வாயோரம் நீலம் பாய்ந்து வரும் கத்திகள்! கார்பன் எஃகில் நீலம் தெரிந்தால் அந்த இடம் கிட்டத்தட்ட 300 டிகிரிக்குப் போய்விட்டது என்று அர்த்தம். 200 டிகிரியில் பதம் இறக்கிய கத்தி அங்கே மென்மையாகிவிட்டது. அதற்கு மருந்து கிடையாது, அந்தப் பகுதியைத் தேய்த்துத் தள்ளுவதுதான் வழி. தண்ணீர் விடாமல் வேகமாக உரசுபவரிடம் நல்ல கத்தியைக் கொடுக்காதீர்கள். கேட்டுவிட்டுக் கொடுங்கள், கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

வீட்டில் தீட்டுபவர்கள் கல்லைப் பாருங்கள். சாதாரணச் சாணைக்கல் அலுமினியம் ஆக்சைடு, விக்கர்ஸ் 2000 சொச்சம். வனேடியக் கார்பைடு அதைவிடக் கடினம் என்று மேலே சொன்னேன். மணிக்கணக்கில் தேய்த்துவிட்டு "இந்த எஃகு கூர் ஏறாது" என்று சபிப்பதில் பொருள் இல்லை. வைரக் கல்லோ, கடினத்தில் வைரத்துக்கு அடுத்து நிற்கும் சிபிஎன் (போரான் நைட்ரைடு) கல்லோ வாங்குங்கள், நிமிடங்களில் முடியும். பிசிறை முழுக்க எடுங்கள், கடைசியில் வைரப் பசை தடவிய தோல் வாரில் சில இழுப்பு. 66 எச்ஆர்சி கத்தியை இரும்புத் தண்டில் 'சரக் சரக்' என்று இழுப்பதை விட்டுவிடுங்கள். நேராவதற்கு அங்கே மடங்கிய வாய் இல்லை, பொரிந்த வாய்தான் இருக்கிறது.

கோணம் பற்றி ஒன்று. கூர் நிற்பதைச் சோதிக்கும் காட்ரா இயந்திரம் 5 சதவீதம் மணல்துகள் கலந்த அட்டையைக் கத்தியால் திரும்பத் திரும்ப வெட்டும். கோணத்தைக் குறைத்தால் அதே எஃகு அதில் கணிசமாக அதிகம் வெட்டுகிறது. பெரிய பெயர் கொண்ட எஃகைத் தடித்த வாயோடு வாங்குவதைவிட, எளிய எஃகில் மெல்லிய வாய் பல வேலைகளுக்கு மேல். அதற்காக எஸ்90வியைக் கொண்டுவந்து "பக்கத்துக்கு 10 டிகிரி போட்டுக் கொடுங்கள்" என்று கேட்டால் என் பதில் "வேண்டாம்". அந்த மெல்லிய வாயைத் தாங்கும் குணம் அதற்கு இல்லை.

பொக்கை விழுந்த கத்தியோடு வரும் எல்லோரிடமும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: உடைந்த துண்டு எங்கே? பாதிப் பேர் திருதிருவென்று விழிக்கிறார்கள். சமையலில் உடைந்திருந்தால் அந்தத் துண்டு சாப்பாட்டுக்குள் இருக்கிறது. அரை மில்லிமீட்டர் எஃகுச் சில்லு நாக்கில் படும்வரை தெரியாது. துண்டு கிடைக்கவில்லை என்றால் வெட்டியதை அப்படியே கொட்டிவிடுங்கள், வீணாகிறதே என்று பார்க்காதீர்கள், தயவுசெய்து. நெம்பும்போது உடைந்தால் சில்லு கண்ணுக்கு வரும். மேக்சமெட், ரெக்ஸ் 121 போன்றவற்றில் கோபால்ட் இருக்கிறது, அதன் தூசி மூச்சுக்குள் போகக் கூடாது. வீட்டில் மெஷின் வைத்து அரைப்பவர்கள் முகக்கவசம் போடுங்கள், முடிந்தவரை ஈரமாக அரையுங்கள், குழந்தைகள் இருக்கும் அறையில் அந்தத் தூசியைப் பறக்கவிடாதீர்கள்.

இந்த எஃகுகளை வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கயிறு, அட்டை, தோல் என்று நேராக வெட்டும் வேலை மட்டும்தான் என்றால் 10வியும் மேக்சமெட்டும் வைத்துக்கொள்ளுங்கள், சந்தோஷமாக இருப்பீர்கள். காட்டில் கட்டை பிளக்க வேண்டும், கண்டபடி பயன்படுத்த வேண்டும் என்றால் எளிதில் உடையாத 3வி எஃகு. எல்லாவற்றுக்கும் ஒரே கத்தி என்றால் மேக்னாகட், 14சி28என். வாங்கும் முன் என்ன வெட்டப் போகிறோம் என்று யோசியுங்கள், எண் எவ்வளவு என்பது அப்புறம். கண்ணாடிப் பலகையிலும் கல்மேடையிலும் வைத்து வெட்டாதீர்கள். மரப்பலகை போதும். உறைந்த இறைச்சி, எலும்பு, மூடி, ஆணி எல்லாவற்றுக்கும் வேறு கருவி உண்டு.

என்னிடம் அனுப்புகிறவர்கள் கத்தியோடு ஒரு துண்டுச்சீட்டில் எஃகின் பெயரையும் எதை வெட்டுகிறீர்கள் என்பதையும் எழுதிவையுங்கள். எப்படி உடைந்தது என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். "சும்மா வைத்திருந்தேன், தானாக உடைந்தது" என்று எழுத வேண்டாம். நெம்பி உடைந்ததும் அடித்து உடைந்ததும் லென்ஸில் வேறு வேறாகத் தெரியும். திட்ட மாட்டேன், கோணத்தை அதற்கேற்ப மாற்றித் தருவதற்குத்தான் கேட்கிறேன்.